ஸ்ட்ரீட்டும் ஸிராத்தும்: சொல்லின் வம்சத்தில் பொய் கலக்கலாமா?

 

நம் குடும்ப வாட்ஸப் குழுக்களில் சொற்களின் பிறப்பைப் பற்றி இரண்டு வகைச் செய்திகள் ஓயாமல் சுற்றி வருகின்றன. முதல் வகை அச்சமூட்டுவது. பள்ளிவாசலை ஆங்கிலத்தில் 'மாஸ்க்' என்று எழுதாதீர்கள், அது 'மஸ்கிட்டோ' என்ற கொசுவின் பெயரிலிருந்து நம்மை இழிவுபடுத்தப் படைத்த சொல் என்கிறது. 'மெக்கா' என்று எழுதினால் மதுக்கூடம் என்று பொருளாம். முஹம்மத் என்ற பெயரைச் சுருக்கி 'மொஹ்த்' என்று எழுதினால் பெருவாய் நாய் என்று பொருளாம். இறுதியில், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பி நன்மை தேடிக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள்.

இரண்டாவது வகை பெருமையூட்டுவது. ஆங்கிலச் சொற்களெல்லாம் அரபியிலிருந்து திருடப்பட்டவை என்பது அதன் சாரம். குகையைக் குறிக்கும் 'கேவ்' நமது 'கஹ்ஃப்' என்ற சொல்லின் திரிபாம். 'எர்த்' என்பது 'அர்ள்' ஆம். 'டால்' என்பது 'தவீல்' ஆம். தெருவைக் குறிக்கும் 'ஸ்ட்ரீட்' சூரத்துல் ஃபாத்திஹாவின் 'ஸிராத்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததாம்.

அச்சமும் பெருமையும் எதிரெதிரானவையாகத் தோன்றினாலும், இவ்விரு செய்திகளும் ஒரே நோயின் இரு அறிகுறிகள். அறியாத ஒன்றை அறிந்தவர்போல் அறிவிப்பதே அந்நோய். மார்க்கத்தின் மீதுள்ள பற்றினால் சொல்லப்படுவதால் இப்பொய்கள் பொறுக்கத்தக்கவை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது மட்டுமன்று, நமது மார்க்க அறிவு மரபுக்கே எதிரானது என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கொசுவும் பள்ளிவாசலும்

முதலில் கொசுவின் கதையை விசாரிப்போம். 'மஸ்கிட்டோ' என்பது ஸ்பானிய மொழிச் சொல். ஈயைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'முஸ்கா'. அதுவே ஸ்பானியத்தில் 'மொஸ்கா' ஆயிற்று. சிறுமையைக் காட்டும் 'இட்டோ' என்ற விகுதி அதனுடன் சேர்ந்து, 'சின்ன ஈ' என்ற பொருளில் 'மொஸ்கிட்டோ' பிறந்தது. இத்தாலியத்தில் ஈ 'மொஸ்கா', பிரெஞ்சில் 'மூஷ்'. பழைய துப்பாக்கி வகையான 'மஸ்கெட்' என்பதன் பெயரும் இதே ஈயின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

'மாஸ்க்' என்ற சொல்லின் வழி வேறு. நமது 'மஸ்ஜித்' ஸ்பானியத்தில் 'மெஸ்கீத்தா' ஆயிற்று. அது இத்தாலியத்தில் 'மொஸ்கேயா', பிரெஞ்சில் 'மொஸ்கே' என்று உருமாறி ஆங்கிலத்தை அடைந்தது. 'ஜீம்' என்ற எழுத்தை எகிப்தியர் இன்றும் 'க' என்று ஒலிப்பதை அறிந்தவர்களுக்கு, 'மஸ்கித்' எவ்வாறு 'மெஸ்கீத்தா' ஆயிற்று என்பது வியப்பாக இராது. குர்துபாவின் பெரும் பள்ளிவாசலை ஸ்பெயின் மக்கள் இன்றளவும் 'மெஸ்கீத்தா' என்றே அழைக்கின்றனர்.

கட்டுக்கதை கூறுவது என்ன? 15ஆம் நூற்றாண்டில் கிரானடாவை வென்ற ஃபெர்டினாண்டும் இசபெல்லாவும் முஸ்லிம்களைக் கொசுவைப்போல் நசுக்குவோம் என்று கூறியதால் இப்பெயர் வந்தது என்கிறது. கிரானடா வீழ்ந்தது 1492இல். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் பத்தாம் அல்ஃபோன்ஸோ தொகுப்பித்த சட்ட நூலிலேயே 'மெஸ்கீத்தா' என்ற சொல் இடம்பெற்றுவிட்டது. ஆங்கிலத்திலும் 'மாஸ்க்' என்பதன் முந்தைய வடிவங்கள் 1400ஆம் ஆண்டை ஒட்டியே காணப்படுகின்றன. 'மஸ்கிட்டோ' ஆங்கிலத்துக்குள் வந்ததோ 16ஆம் நூற்றாண்டின் இறுதியில். பிள்ளை பிறந்து நூறாண்டு கடந்தபின் வந்து சேர்ந்தவரைத் தகப்பன் என்று எப்படிச் சாட்சி கூறுவது?

மற்ற இரண்டையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சிற்றெழுத்தில் தொடங்கும் 'மெக்கா' என்பதற்கு ஆங்கில அகராதிகள் தரும் பொருள், பலரும் நாடிச் செல்லும் இடம் என்பதே. ஹஜ்ஜுக்குத் திரளும் மக்கள் வெள்ளத்தைக் கண்டு பிறந்த பொருள் அது. 'மொஹ்த்' என்பது பதிவேடுகளில் இடம் மிச்சம் பிடிக்க எழுதப்பட்ட சுருக்கம். அப்படியொரு சொல்லும் பொருளும் ஆங்கில அகராதியில் இல்லை.

மஸ்ஜித், மக்கா, முஹம்மத் என்று முழுமையாக எழுதுவது வேண்டாம் என்று நான் கூறவில்லை. அது சிறந்தது. சவூதி அரசும் 1980களில் ஆங்கிலத்தில் 'மக்கா' என்ற எழுத்துக்கூட்டலையே ஏற்றுக்கொண்டது. அரபு ஒலிப்புக்கு அது நெருக்கமானது என்பதே போதுமான காரணம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருப்பெயரைச் சுருக்காமல் எழுதுவது அதபு என்பதும் போதுமான காரணம். உண்மையான காரணம் கையில் இருக்கும்போது பொய்யான காரணத்தை ஏன் தேடிப் போக வேண்டும்?

ஒரு சொல்லின் நெடும்பயணம்

இனி 'ஸ்ட்ரீட்' என்ற சொல்லுக்கு வருவோம். பெருமைச் செய்தி கூறும் தொடர்பு இங்கு முற்றிலும் கற்பனையன்று. 'ஸ்ட்ரீட்' என்பதும் 'ஸிராத்' என்பதும் உறவினர்களே. ஆனால் எது எதிலிருந்து வந்தது என்ற திசையைத்தான் செய்தி தலைகீழாக்கிவிட்டது.

இலத்தீனில் 'ஸ்டெர்னெரே' என்றால் பரப்புதல், விரித்தல். அதிலிருந்து 'ஸ்ட்ராட்டா', அதாவது பாவப்பட்டது. 'வியா ஸ்ட்ராட்டா' என்றால் கல் பாவிய சாலை. உரோமர்கள் தம் பேரரசு முழுவதும் நேர்கோடாகச் சாலைகள் அமைத்தவர்கள். அச்சாலைகளோடு அச்சொல்லும் பரவியது. ஜெர்மானிய இனத்தார் அதை உரோமரிடமிருந்து கடன் பெற்றனர். ஜெர்மன் மொழியில் 'ஷ்ட்ராஸே', டச்சு மொழியில் 'ஸ்ட்ராட்', ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரீட்' ஆயிற்று. இத்தாலியத்தில் 'ஸ்ட்ராடா' என நிலைத்தது. மண்ணடுக்கைக் குறிக்கும் 'ஸ்ட்ராட்டம்' என்ற அறிவியல் சொல்லும் இதே வேரினது. தெருவில் நடக்கும் ஆங்கிலேயன் ஒவ்வொரு நாளும் உரோமனின் சொல்லை மிதித்து நடக்கிறான்.

அதே சொல் கிழக்கேயும் நடந்தது. ஷாம் தேசத்தில் திமிஷ்க் நகரிலிருந்து தத்முர் வழியாக யூப்ரடீஸ் நதியை நோக்கிச் செல்லும் உரோமச் சாலைக்கு, அதை அமைத்த பேரரசன் டயோக்ளீஷியனின் பெயரால் 'ஸ்ட்ராட்டா டயோக்ளீஷியானா' என்று பெயர். கி.பி. 300ஐ ஒட்டிய காலத்துச் சாலை அது. உரோமரின் சொல்லைக் கிரேக்கரும், கிரேக்கரிடமிருந்து அரமேயரும், அவர்கள் வழியாக அரபிகளும் பெற்றனர் என்பது இன்றைய மொழியியலார் பெரும்பாலோரின் முடிவு. மூன்று மெய்யொலிகள் நெருங்கி நிற்கச் சொல் தொடங்குவது அரபுக்கு ஒவ்வாது. ஆகவே நெருக்கம் தளர்ந்து, இடையே உயிரொலி புகுந்து, 'ஸிராத்' ஆயிற்று. தமிழ் நாவும் இதே வேலையைத்தான் செய்கிறது. நம் பாட்டிமார் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்றும், 'ஸ்டேஷன்' என்பதை 'டேசன்' என்றும் சொன்னது இதே தேவையினால்தான்.

இப்பயணத்துக்கு ஓர் அரிய சாட்சியும் உண்டு. தத்முருக்குத் தெற்கே இருந்த மேய்ச்சல் நிலம் ஒன்றைக் குறித்து, கஸ்ஸான் குலத்து அரபு மன்னர் ஹாரிதுக்கும் ஹீராவின் அரபு மன்னர் முந்திருக்கும் கி.பி. 540க்குச் சற்று முன் பெரும் வழக்கு எழுந்தது. அந்நிலத்தின் பெயர் 'ஸ்ட்ராட்டா'. அது உரோமருக்கே உரியது என்பதற்கு ஹாரித் எடுத்துவைத்த சான்றுகளில் ஒன்று அந்தப் பெயர்தான். 'ஸ்ட்ராட்டா' என்பது கல் பாவிய சாலையைக் குறிக்கும் இலத்தீன் சொல் என்று அவர் வாதிட்டதாக அக்காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதி வைத்திருக்கிறார். நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்பே, ஓர் அரபு மன்னருக்கு அச்சொல்லின் இலத்தீன் பிறப்பு தெரிந்திருந்தது. இன்று நமது வாட்ஸப் அறிஞர்களுக்குத் தெரியவில்லை.

குறைஷிகளின் கோடைக்கால வணிகப் பயணம் ஷாமை நோக்கியதாகும். அதை நினைவூட்டும் ஒரு சூராவே நமக்கு உண்டு. அவ்வணிகர்களின் ஒட்டகங்கள் சென்று சேர்ந்த நாட்டில்தான் அக்கற்சாலைகள் ஓடின.

இதனால் குர்ஆனுக்குக் குறைவா?

இவ்விடத்தில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஐவேளைத் தொழுகையின் 17 ஃபர்ளு ரக்அத்துகளில் ஒவ்வொன்றிலும் இடம்பெறும் ஃபாத்திஹாவில், இருமுறை வரும் புனிதமான சொல் உரோமரின் சாலையிலிருந்து வந்தது என்பதா? இது மேற்கத்தியர் கிளப்பிய ஐயம் அல்லவா?

அல்ல. இது நம் இமாம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அஞ்சாமல் பேசிய பொருள். ஹிஜ்ரி 911, கி.பி. 1505இல் மறைந்த இமாம் ஸுயூத்தி, குர்ஆனில் உள்ள அரபுமயமான பிறமொழிச் சொற்களைத் திரட்டித் தனி நூலே எழுதினார். குர்ஆன் கலைகள் பற்றிய தமது பெருநூலான 'இத்கான்' என்பதில், 'ஸிராத்' என்பது ரூமியர் மொழியில் பாதையைக் குறிக்கும் என்று நக்காஷ், இப்னுல் ஜவ்ஸி ஆகியோர் அறிவித்ததை எடுத்தெழுதுகிறார். 'ஸரித' என்ற அரபு வேருக்கு விழுங்குதல் என்று பொருள், பாதை பயணியை விழுங்குவதால் அப்பெயர் என்று கூறிய அரபு அகராதியாளர்களும் உண்டு. இரு கருத்துகளும் பக்கம் பக்கமாக நம் நூல்களில் இருக்கின்றன. எவரும் எவரையும் காஃபிர் என்று கூறவில்லை.

குர்ஆனில் பிறமொழிச் சொல் உண்டா, இல்லையா என்ற பொது விவாதத்திலும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இல்லை என்ற தரப்பில் உறுதியாக நின்றார்கள். வேறு பலர் உண்டு என்றார்கள். ஹிஜ்ரி 224இல் மறைந்த அபூ உபைத் அல்காஸிம் இப்னு ஸல்லாம் இரண்டையும் இணைக்கும் தீர்வைச் சொன்னார். அச்சொற்கள் பிறப்பால் அந்நியமானவை. ஆனால் அரபிகள் அவற்றைத் தம் நாவுக்கேற்ப மாற்றித் தமதாக்கிக் கொண்டார்கள். அதன் பின்னரே குர்ஆன் இறங்கியது. ஆகவே அந்நியச் சொல் என்றவர் கூறியதும் உண்மை, அரபுச் சொல் என்றவர் கூறியதும் உண்மை என்பது அவர் கருத்து.

எத்தனை தெளிவான தீர்ப்பு! சொல்லின் பிறப்பிடம் ஒன்று, அது பெற்ற வாழ்வு வேறொன்று. உரோமப் படைகள் அணிவகுத்துச் சென்ற சாலையின் பெயரை வஹீ எடுத்தது, அதற்கு நேர்வழி என்ற உயர்ந்த பொருளைக் கொடுத்தது. பிலால் (ரலி) அவர்களின் பிறப்பை வைத்து அவர்களின் தகுதியை அளக்காத ஒரு சமுதாயம், சொல்லின் பிறப்பை வைத்து அதன் தகுதியை அளக்கலாமா?

'கேவ்' என்ற சொல்லுக்கும் இதே நேர்மை வேண்டும். அது இலத்தீனில் உட்குழிவைக் குறிக்கும் 'காவுஸ்' என்ற சொல்லின் வழி வந்தது. பல் மருத்துவர் கூறும் 'கேவிட்டி', கண்ணாடி வில்லையின் 'கான்கேவ்', கூண்டைக் குறிக்கும் 'கேஜ்' ஆகிய அனைத்தும் அதே குடும்பம். 'கஹ்ஃப்' என்பது ஒலியால் அருகில் இருக்கிறது, அவ்வளவே. 'கேவ்' வந்த வழியில் அரபுக்கு வேலையே இல்லை.

பாவாணர் பிறந்த ஊரிலிருந்து

இதைச் சங்கரன்கோவிலிலிருந்து எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. சொற்பிறப்பு ஆராய்ச்சிக்கே வாழ்வை அளித்த மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1902ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் பிறந்தது இவ்வூரில்தான். 1974இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரே முதல் இயக்குநர். உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே மூலம் என்று அவர் நிறுவ முயன்றார். 1966இல் ஆங்கிலத்திலும் அதற்கென நூல் எழுதினார். அம்முடிவை இன்றைய மொழியியலார் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆயினும் அகராதிகளோடும் இலக்கணங்களோடும் அரை நூற்றாண்டு உழைத்தவர் அவர். அவர் முடிவை மறுப்பவரும் அவர் உழைப்பை மதிப்பர்.

இன்று அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, அவர் உழைப்பின் நிழலைக்கூடத் தொடாதவர்கள் 'ஒன்' என்பது 'ஒன்று' என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு என்று சமூக ஊடகங்களில் எழுதுகின்றனர். அதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். 'ஒன்' என்பதற்கு இலத்தீனில் 'ஊனுஸ்', ஜெர்மனில் 'ஐன்ஸ்' என்ற உறவினர்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டி அவர்களைத் திருத்துகிறோம். பிறகு கைப்பேசியைத் திருப்பி, 'எர்த்' என்பது 'அர்ள்' தான் என்று நம் குழுவுக்கு அனுப்புகிறோம்!

பிறருக்கு ஒரு படிக்கல், நமக்கு ஒரு படிக்கல் வைத்து நிறுப்பவர்களுக்கு என்ன கேடு காத்திருக்கிறது என்று கூறும் சூரா நம் பிள்ளைகள் மனனம் செய்யும் ஜுஸ்வில்தான் இருக்கிறது. அளவையில் மோசடி அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுமா? சான்றுக்கும் அளவை உண்டு.

நல்ல நோக்கம் என்னும் சாக்கு

நல்ல நோக்கத்தில்தானே அனுப்புகிறார்கள், தீன் மீது பற்று வளரட்டுமே என்று சிலர் பரிந்து பேசுவர். இந்த வாதமும் புதியதன்று. சூராக்களின் சிறப்புகளைப் பற்றி ஹதீஸ்களைப் புனைந்த நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரைப் பற்றி ஹதீஸ் கலை நூல்கள் பேசுகின்றன. ஏன் இவ்வாறு செய்தீர் என்று வினவியபோது, மக்கள் குர்ஆனை விட்டு வேறு பக்கம் திரும்பியதைக் கண்டு, அவர்களை மீட்கவே செய்தேன் என்று அவர் கூறியதாகப் பதிவாகியிருக்கிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நம் முஹத்திஸ்கள் அவரை மன்னித்து ஏற்கவில்லை. பொய்யர்களின் பட்டியலில் அவர் பெயரை எழுதினார்கள்.

ஏனெனில் அவர்கள் ஒன்றை உணர்ந்திருந்தார்கள். இன்று நன்மைக்காகப் பொய்யை அனுமதித்தால், நாளை உண்மையையும் எவரும் நம்ப மாட்டார்கள். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை இமாம் முஸ்லிம் தமது தொகுப்பின் முன்னுரையிலேயே வைத்தார்கள். செய்தி கொண்டுவருபவரை விசாரிக்கும்படி ஹுஜுராத் சூரா கட்டளையிடுகிறது. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, நினைவாற்றல் எப்படி என்று ஒவ்வோர் அறிவிப்பாளரையும் விசாரித்த சமுதாயம் நாம். உலகில் வேறெந்தச் சமுதாயமும் இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்ததில்லை என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம்.

சொற்பிறப்பியலும் அதே ஸனது கலைதான். இச்சொல் முதலில் எங்கே எழுதப்பட்டது, அடுத்து யாரிடம் போயிற்று, அவ்விரு மக்களும் உறவாடினார்களா, ஒலி மாறிய விதம் பிற சொற்களிலும் அவ்வாறே உள்ளதா என்று கேட்பதே அதன் முறை. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், அரபுச் சொல்லையும் அந்நியச் சொல்லையும் பிரித்தறிய ஒலி விதியே வகுத்தார். நான்கு அல்லது ஐந்து வேரெழுத்துகள் கொண்ட ஒரு சொல்லில் ரா, லாம், நூன், ஃபா, பா, மீம் ஆகிய ஆறில் ஒன்றுகூட இல்லையெனில் அது அரபாக இராது என்பது அவ்விதி. விதி வகுத்தவரின் வாரிசுகள், ஓசை ஒத்தால் போதும் என்ற நிலைக்கு இறங்கியது எப்படி?

இதன் இழப்பு பிள்ளைகளுக்கே. ஆங்கில வழியில் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவி, வீட்டில் கேட்ட கொசுக் கதையை வகுப்பில் சொல்கிறாள் என்று வையுங்கள். ஆசிரியர் அகராதியைத் திறக்கிறார். ஐந்து நிமிடத்தில் கதை உடைகிறது. அவமானத்தோடு வீடு திரும்பும் அவள் மனத்தில் எழும் கேள்வி கொசுவைப் பற்றியதாக இராது. அத்தா சொன்ன இது பொய்யென்றால், அத்தா சொன்ன மற்றவை? அந்தக் கேள்வி எழுந்த பின் எந்த மதரஸாவும் அவளுக்கு எளிதில் விடையளிக்க முடியாது. நமது பொய்யின் விலையை அவள் ஈமானிலிருந்தா செலுத்துவது?

உண்மை போதாதா?

பொய்யான இழிவைத் தேடுபவர்கள் உண்மையான இழிவை அறியவும் தவறுகின்றனர். இடைக்கால ஐரோப்பியர் நபி (ஸல்) அவர்களின் திருப்பெயரைச் சிதைத்து 'மஹவுண்ட்' என்று எழுதியது மெய். அப்பெயரின் பிரெஞ்சு வடிவத்திலிருந்து சிலையைக் குறிக்க 'மாமெட்' என்ற ஆங்கிலச் சொல் பிறந்து, பிற்காலத்தில் பொம்மையையும் குறித்ததும் மெய். சிலை வணக்கத்தை ஒழித்தவரின் பெயராலேயே சிலையைக் குறித்த கொடுமை அகராதியில் பதிவாகியிருக்கிறது. அதற்கு மறுமொழி எழுத வேண்டியவர்கள் கொசு பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெருமைக்கும் பொய் தேவையில்லை. அல்குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் 'அல்கோரித்மி' ஆகி, இன்று கணினி உலகின் 'அல்காரிதம்' ஆனது. அவர் நூற்பெயரில் உள்ள 'அல்ஜப்ர்' என்பதே 'அல்ஜீப்ரா'. 'ஸிஃப்ர்' என்ற சொல்லை 1202இல் ஃபிபோனாச்சி இலத்தீனில் 'ஸெஃபிரும்' என்று எழுதினார். அதுவே 'ஸீரோ' ஆயிற்று. அந்த 'ஸிஃப்ர்' என்பதும் வெறுமையைக் குறிக்கும் 'சூன்யம்' என்ற இந்தியச் சொல்லுக்கு அரபிகள் செய்த மொழியாக்கமே.

நம் பிள்ளைகள் முக்கோணவியலில் படிக்கும் 'சைன்' இவற்றினும் சுவையானது. ஆரியபட்டர் போன்ற இந்தியக் கணிதர்கள் நாணைக் குறிக்க 'ஜ்யா', 'ஜீவா' என்றனர். அரபிகள் அதை 'ஜீப' என்று ஒலிபெயர்த்தனர். உயிர்க்குறியின்றி ஜீம், பா என்ற எழுத்துகளோடு எழுதப்பட்டதை, ஆடையின் மடிப்பைக் குறிக்கும் 'ஜைப்' என்று பின்னர் படித்தனர். 12ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு இலத்தீனில் மடிப்பு என்ற பொருளுடைய 'சைனுஸ்' என்று எழுதினர். அகராதி அச்சொல்லுக்கு இலத்தீன் வேர் என்று ஒரு வரியில் முடித்துவிடும். அவ்வேரைத் தோண்டினால் பக்தாத் தெரிகிறது, அதற்கும் கீழே பாரதம் தெரிகிறது. முஸ்லிம்கள் அறிவைத் திருடவும் இல்லை, எல்லாவற்றையும் தாமே படைக்கவும் இல்லை. அமானிதமாகப் பெற்றார்கள், மெருகேற்றினார்கள், கொடுத்தார்கள். இந்த உண்மையைவிடப் பெரிய பெருமை எந்தப் பொய்யில் இருக்கிறது?

இறுதியாக, நம் நாவில் அன்றாடம் புழங்கும் சொல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தமிழ் முஸ்லிம்கள் மஸ்ஜிதைப் 'பள்ளிவாசல்' என்கிறோம். 'பள்ளி' என்பது பண்டைத் தமிழில் சமண முனிவர்களின் உறைவிடத்தைக் குறித்த சொல். இங்கிருந்து கோவில்பட்டி செல்லும் சாலையில் உள்ள கழுகுமலையில் அச்சமணர் செதுக்கிய உருவங்களை இன்றும் காணலாம். வேரைப் பார்த்துச் சொல்லை விலக்க வேண்டுமென்றால், முதலில் விலக்க வேண்டியது பள்ளிவாசல் என்ற சொல்லை அல்லவா? 'தொழுகை', 'நோன்பு' என்ற சொற்களும் நமக்கு முன்பே இம்மண்ணில் பிற வழிபாடுகளுக்குப் பயன்பட்டவையே. நம் முன்னோர் அஞ்சவில்லை. அச்சொற்களை எடுத்துத் தவ்ஹீதின் பொருளை அவற்றில் நிறைத்தார்கள். அபூ உபைத் ஏட்டில் எழுதிய தீர்ப்பை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள்.

ஆகவே அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது அனுப்பியவரிடம் கண்ணியத்தோடு கேளுங்கள்: "மாமா, இதற்கு ஸனது உண்டா? எந்த அகராதியில், எந்த நூலில் உள்ளது?" விடை இல்லையெனில் அச்செய்தி உங்கள் கைப்பேசியோடு நின்றுவிடட்டும். வீட்டில் ஒரு நல்ல தமிழ் அகராதியும் ஓர் ஆங்கில அகராதியும் இருக்கட்டும். பிள்ளைகளோடு அமர்ந்து வாரம் ஒரு சொல்லின் வழியைத் தேடுங்கள். அது இலத்தீனுக்குப் போனாலும் சரி, அரபுக்குப் போனாலும் சரி, நம் தமிழுக்கே திரும்பி வந்தாலும் சரி, போன வழியை உள்ளபடி சொல்லிக்கொடுங்கள்.

நேரான வழியைக் கேட்டு நாள்தோறும் கையேந்தும் நாம், அந்த வழியைக் குறிக்கும் சொல்லின் வரலாற்றிலேயே கோணல் வழி செல்லாதிருக்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன். வஸ்ஸலாம்.